திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது

தஞ்சை, நாகை வட்டாரத்தில் வயல் திறந்தவெளி. குழாயை வெளிநோக்கிக் கட்டினால் சத்தம் அடுத்த ஊருக்குப் போகும். பந்தலில் இருப்பவருக்குத் தெளிவு இருக்காது. ஆகவே 3–4 மீட்டர் உயரத்தில், வாய் கூட்டத்தைப் பார்த்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே தங்காது.

ஒரே பெரிய குழாயைவிட நான்கு சிறியவை நல்லது. தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால், ஒன்றையே நம்பினால் முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார், பின்வரிசைக்கு எட்டாது.

100 வோல்ட் லைனில் (நீண்ட வயரில் பல குழாய்களை இணைக்க உதவும் உயர் வோல்ட் முறை) நான்கு 30 வாட் குழாய் என்றால் 120 வாட். ஆம்ப்ளிஃபயர் 150 வாட்டாவது வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் (குழாயின் பின்னால் ஒலி எழுப்பும் பாகம்) அந்த வோல்ட்டைக் குறைத்துத் தரும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். 8 ஓம் யூனிட்டை நேரே லைனில் கொடுத்தால் அதனுள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகும். பேஸை (தாழ்ந்த ஒலி) குறைத்துவிடுங்கள், குழாயால் அதைத் தர முடியாது, யூனிட்டுக்குள் அதிரும் மெல்லிய தகடான டயாஃப்ரம்தான் கிழியும்.

மைக் குழாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லையேல் ஊளையிடும். நாதஸ்வரத்துக்கு அணைசிலிருந்து (அதன் விரிந்த அடிமுனை) ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும். தவிலுக்குப் பெரும்பாலும் மைக்கே வேண்டாம்.

இரவில் வயல்மேல் தரைக்காற்று குளிர்ந்துவிடும். ஒலி மேலே போகாமல் கீழே வளைந்து வெகுதூரம் கேட்கும். பகலில் வைத்த வால்யூமை அந்தி சாய்ந்ததும் குறைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது; மருத்துவமனை, பள்ளியிலிருந்து 100 மீட்டருக்குள் பகலிலும் குழாய் கட்டாதீர்கள்.