பிறந்த குட்டியின் தசையும் இன்சுலினும்: ஆய்வுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவு நம் வீடுகளில் பழகிப்போனதால், இன்சுலின் என்றதும் இரத்தச் சர்க்கரைதான் நினைவுக்கு வருகிறது. அந்த நினைப்போடு பிறந்த குட்டிகளின் தசை பற்றிய ஆய்வுகளை அணுகுவதே முதல் தவறு. பன்றிக்குட்டி பிறந்த ஒரு வாரத்துக்குள்ளாகவே ஏறத்தாழ இரு மடங்கு எடையாகிறது. அந்த வளர்ச்சியின் பெரும்பங்கு தசையில் சேரும் புரதம். பால் குடித்ததும் உயரும் இன்சுலின், சர்க்கரையைத் தசைக்குள் செலுத்துவதோடு, அங்கே புதிய புரதம் உருவாவதையும் வலுவாகத் தூண்டுகிறது. ஹூஸ்டனிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் தெரேசா டேவிஸ் குழுவினர் 1990களிலிருந்து பன்றிக்குட்டிகளிடம் இதை விரிவாகக் காட்டி வந்துள்ளனர். ஆகவே சர்க்கரை உள்ளேறும் அளவை மட்டும் அளந்துவிட்டு, தசை இன்சுலினுக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது பாதிக் கணக்கே ஆகும்.

அடுத்த தவறு நுட்பமானது. நான் மிக முக்கியமாகக் கருதுவதும் இதுவே. இன்சுலினைச் செலுத்தியபடியே, சர்க்கரை குறைந்துவிடாமல் குளுக்கோஸும் கொடுத்து நிலைநிறுத்தும் முறை 1979 முதல் நன்கு அறியப்பட்டது. ஆனால் இன்சுலின் உடற்புரதச் சிதைவையும் குறைப்பதால், இரத்தத்தில் புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களின் அளவும் சரிகிறது. அவற்றையும் ஈடுசெய்யாமல் புரத உருவாக்கத்தை அளப்பது, கொத்தனாரை விரைந்து கட்டச் சொல்லிவிட்டுச் செங்கல் வண்டியை நிறுத்துவதற்கு ஒப்பாகும். அத்தகைய சோதனையில் இன்சுலினின் விளைவு சிறிதாகத் தெரிந்தால், குறை தசையிலா, சோதனை அமைப்பிலா என்று பிரித்தறிய முடியாது. அமினோ அமிலங்களே தனியாகவும் தசையைத் தூண்டக்கூடியவை என்பதால், இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்திய சோதனைகளையே நம்ப வேண்டும்.

‘பிறந்த குட்டி’ என்ற சொல்லை ஒரே வயதாக எடுத்துக்கொள்வதும் தவறு. ஏழு நாள் குட்டியின் தசையில் காணும் வலுவான பதில், இருபத்தாறு நாள் குட்டியில் வெகுவாகத் தணிந்திருக்கிறது. உயிரணுவின் மேல் இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும், அவற்றின் செய்தியை உயிரணுவுக்குள் கடத்தும் புரதங்களின் செயல்பாடும் இந்தச் சில வாரங்களிலேயே குறைகின்றன. வயதைக் குறிப்பிடாத முடிவை மேற்கோள் காட்டாமலிருப்பதே நல்லது.

ஓர் உறுப்பில் கண்டதை உடல் முழுவதற்கும் பொருத்தவும் கூடாது. அமினோ அமிலங்கள் கல்லீரலிலும் தசையிலும் புரத உருவாக்கத்தைக் கூட்டுகின்றன. இன்சுலினோ எலும்புத்தசையில் அதைக் கூட்டினாலும் கல்லீரலில் கூட்டுவதில்லை. இனம் மாறினாலும் கதை மாறும். எலிக்குட்டி பிறக்கும்போது, இன்சுலினுக்குப் பணிந்து சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் ‘குளூட்-4’ புரதம் அதன் தசையில் குறைவாகவே இருந்து, வளர வளரக் கூடுகிறது. எனவே எலியில் சர்க்கரை பற்றிக் கண்ட முடிவைப் பன்றியில் புரதம் பற்றிய முடிவுக்கு எதிர்ச்சான்றாக நிறுத்துவது பொருந்தாது.

குறைமாதக் குட்டிகளை நிறைமாதக் குட்டிகளோடு சேர்த்து எண்ணுவது இன்னொரு பிழை. ஏறத்தாழ பத்து நாட்கள் முன்னதாக அறுவை வழியே எடுக்கப்பட்ட பன்றிக்குட்டிகளின் தசை, இன்சுலினுக்கும் அமினோ அமிலங்களுக்கும் மந்தமாகவே பதிலளித்தது.

இவற்றையெல்லாம் கவனியாமல், தசையை வளர்க்கும் இன்சுலினைக் குழந்தைகளுக்குக் கொடுத்தாலென்ன என்று தாவுவது ஆபத்தானது. பிறப்பு எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே இன்சுலின் கொடுத்துப் பார்த்து 2008இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில், எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை. இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவது அதிகரித்தது. பன்றிக்குட்டி ஆய்வுகள் உண்மையில் சுட்டும் வழி உணவூட்டும் முறை சார்ந்தது: குழாய்வழி இடைவிடாமல் சொட்டும் உணவைவிட, அதே அளவு உணவை இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக ஊட்டும்போது, இன்சுலினும் அமினோ அமிலங்களும் ஒருசேர உயர்ந்து தாழ்கின்றன, தசையில் புரதமும் கூடுதலாக உருவாகிறது.