கீரைக் குடும்பத்துக் கொடி: டீரிஞ்சியாவை அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

அமராந்தேசி, அதாவது கீரைக் குடும்பம் என்றதும் அரைக்கீரை, தண்டுக்கீரை, வேலியோரத்து நாயுருவி என்று தரையில் நிற்கும் செடிகள்தான் நினைவுக்கு வரும். இந்தக் குடும்பத்தில் மரமேறும் கொடி ஏது என்று ஒதுக்கிவிடுவதுதான் முதல் தவறு. இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை காட்டோரங்களில் படர்கிறது டீரிஞ்சியா அமராந்தாய்டிஸ் என்ற கொடி. டீரிஞ்சியா என்ற பேரினத்துக்குப் பெயர் சூட்டியவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன், 1810-இல்.

இதில் பற்றுக்கம்பியைத் தேடாதீர்கள், கிடையாது. மெலிந்த தண்டு பக்கத்துப் புதர்மேல் சாய்ந்து, தொற்றிக்கொண்டே மேலேறும்.

அதிகம் பேர் சறுக்குவது கொடிப்பசலையிடம்தான். கொடி, மாற்றிலை (கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமையும் இலை), கதிராகப் பூ என்று மூன்றும் ஒத்துப்போகின்றன. ஆனால் கொடிப்பசலை அமராந்தேசியே அல்ல, பசெல்லேசி. (கடையில் வாங்கும் பாலக்தான் இன்றைய வகைப்பாட்டில் அமராந்தேசி. சமையல் ருசியை வைத்துக் குடும்பம் சொல்ல முடியாது!) இலையைக் கிள்ளிப் பாருங்கள். பசலை தடித்து, கொழகொழவென்று இருக்கும். டீரிஞ்சியா இலை மெல்லியது, நுனி கூராக நீண்டிருக்கும். பசலையின் கருஊதாப் பழத்தில் சதையாகத் தெரிவது பூவிதழ்தான், உள்ளே ஒரே விதை. டீரிஞ்சியாவின் பழம் சிவப்பு. இதழ்கள் அதன் அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் சிவப்புப் பழமே அடுத்த குழப்பம். இதே குடும்பத்துக் கோழிக்கொண்டையில் காய்ந்த உறை மூடிபோலத் திறந்து விதை கொட்டும். குடும்பத்தில் பெரும்பாலும் உலர்கனிதான். அதனால் சதைக்கனியைக் கண்டதும் வேறு குடும்பத்துக்கு ஓடிவிடுகிறோம். ஒரு பழத்தை நசுக்குங்கள். கீரை விதை மாதிரியே பளபளக்கும் கறுப்பு விதைகள் சில வெளிவரும். கோழிக்கொண்டையும் டீரிஞ்சியாவும் ஒரே கிளைக்குழுதான்.

பூவை வெறுங்கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. பூ சில மில்லிமீட்டர்தான். கைலென்ஸ் வைத்தால் புல்லி, அல்லி என்று பிரியாத ஐந்து இதழ்கள், ஐந்து மகரந்தத்தாள்கள், அவை அடியில் இணைந்து சிறு கிண்ணமாக இருப்பது, எல்லாம் தெரியும்.

அப்புறம், கீரைக் குடும்பம்தானே என்று பழத்தை வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். படம் எடுப்பவர்கள் பழக்கொத்தோடு நிறுத்தாமல் இலை தண்டில் அமைந்திருக்கும் விதத்தையும் பூங்கதிரையும் சேர்த்து எடுங்கள். பழம் மட்டும் உள்ள படத்தை வைத்து யாராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது.