நார்மல் ஆயிருச்சுல்ல, இன்னும் எதுக்கு மாத்திரை?

பீடி ஆகாது, தண்ணி ஆகாது என்று எழுத இங்கே இடமில்லை. அதைக் கட்டிலும் பாட்டிலிலுமே அச்சடித்து விற்கிறார்கள். பிரஷர், சுகர் என்று முதன்முதலாகச் சீட்டு வாங்கும் ஆண்கள், முன்னால் வந்தவர்கள் செய்த தவறுகளையே வரிசை பிசகாமல் செய்கிறார்கள். அதில் ஒன்று மட்டும் இன்னமும் எரிச்சல் மூட்டுகிறது.

பிரஷர் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது

மதுரை மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் 160/100. ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் ஒரு மாதம் போட்டதில் 128/82 ஆனது. நிறுத்திவிட்டார். மறுநாள் மெடிக்கலில் பார்த்தால் 130. "பாத்தீங்களாண்ணே, மாத்திரை இல்லாமலே நார்மல்!"

மாத்திரை இல்லாமல் இல்லை. ஆம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அவர் பார்த்தது பழைய மாத்திரையின் மிச்சத்தை. அது வடிந்ததும் பிரஷர் பழைய இடத்துக்கே ஏறும். அப்போது அவர் பார்க்க மாட்டார், தலைசுற்றல்கூட இருக்காதே. முட்டுக் கொடுத்த சுவர் நிமிர்ந்து நிற்கிறது என்று முட்டுக்கம்பை உருவுகிற கதை இது. 180 இருந்தும் மூட்டை தூக்கலாம். உள்ளே சிறுநீரகமும் இதயமும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். சிலருக்கு முதல் அறிகுறியே, விடியற்காலையில் வாய் கோணி ஒரு கை தூக்க முடியாமல் போகும் பக்கவாதம்தான். அப்போது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அட்டனோலால், மெட்டோப்ரொலால் என்ற பிரஷர் மாத்திரைகளைப் போடுகிறவர்கள் திடீரென நிறுத்தினால் ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நாடித்துடிப்பு எகிறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம்.

குறைக்க வேண்டுமா? ஏழு நாள் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பார்த்து நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். குறைக்கலாமா என்பதை அவர் சொல்லட்டும். ஒரு வேளை மாத்திரையை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வாங்கப் போக நேரமில்லை என்பதும் செல்லாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

சித்திரைத் திருவிழா விரதத்தில் சோற்றோடு மாத்திரையையும் விடுகிறவர்கள் உண்டு. பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போடலாம். சுகர் மாத்திரை அப்படியல்ல: கிளிமெபிரைடு போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சுகர் தாழ்ந்து மயங்கிவிடுவார்கள். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் பத்தியம்

ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சுகர் கணக்கைச் சொல்லும். 6.5 சதவீதத்தைத் தொட்டால் சுகர்தான். ரெண்டு நாள் பரோட்டாவை ஒதுக்கியதெல்லாம் அதில் தெரியாது.

வண்டியை நிறுத்தியதும் பிரஷர் பார்ப்பது

அரை மணி நேரம் முன்பே காபி, பீடியை நிறுத்துங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை.

இந்துப்புக்கு மாறிவிட்டேன்

அதுவும் சோடியம்தான். எந்த உப்பானாலும் நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். சால்னா, கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பேண்ட் சைஸை இடுப்பளவு என்பது

பெல்ட் தொப்பைக்குக் கீழே இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வையுங்கள், 90 செ.மீ. எல்லை.

இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்

பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

கண்ணு நல்லாத்தானே தெரியுது

சுகரால் விழித்திரை கெடும்போது பார்வை கடைசி வரை தெளிவாகவே இருக்கலாம். அதனால்தான் வருஷம் ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வெளியூர்க்காரர்கள் பஸ் மாறி வருகிறார்கள்; அண்ணா நகரில் அதன் வாசலைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர் உள்ளே போனதில்லை.