ஹாலோவீன் முகமூடி: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் 31 அன்று குழந்தைகள் முகமூடி மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்புவது இருட்டுகிற நேரத்தில். டொரன்டோவில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். லண்டனில் அதற்கு முன்பே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவதால் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அந்த இருட்டில்தான் குழந்தை பிறர் வீட்டுப் படியேறி, மிட்டாய் வாங்கி, இறங்கி, தெருவைக் கடக்க வேண்டும். மேசையில் வைத்து அழகு பார்த்து முடிவு செய்த முகமூடி அங்கே உதவாது.

முதல் தவறு கண் துளையில் நடக்கிறது. பலர் வண்ணமெல்லாம் தீட்டிய பிறகு, கண் எங்கே அழகாக இருக்குமோ அங்கே வெட்டுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அச்சு மாதிரிகள் பெரும்பாலும் பெரியவர்கள் அளவில் இருக்கும். பெரியவர்களுக்கு இரு கருவிழிகளுக்கும் நடுவே 6 செ.மீ.க்குச் சற்று மேல். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 5 செ.மீ.தான். அந்த வித்தியாசத்தில் ஒரு கண்ணால் மட்டுமே பார்க்க முடியும். ஆகவே, குழந்தையை நேராகப் பார்க்கச் சொல்லி, மூக்குத் தண்டின் மேல் அளவுகோலைப் பிடித்து முதலில் அளந்துகொள்ளுங்கள்.

துளை குறைந்தது 4 செ.மீ. அகலம் இருக்கட்டும். அதைவிட முக்கியம் கீழ் விளிம்பு. நேரே பார்க்கும்போது எல்லாம் தெரிகிற முகமூடியில்கூடக் காலடிப் படி தெரியாமல் போகும். குழந்தைகள் தடுக்கி விழுவது இதனால்தான். கீழ் விளிம்பைக் கன்னத்து எலும்புவரை இறக்கி வெட்டுங்கள். முகமூடியின் முகபாவம் கொஞ்சம் கெடும், கெடட்டும். துளைக்கு வலையோ கண்ணாடித் தாளோ ஒட்ட வேண்டாம். மூச்சு பட்டு அந்தத் தாள் பனித்துவிடும்.

காகிதத் தட்டில் செய்பவர்கள் தட்டை முழுசாக விடுகிறார்கள். 23 செ.மீ. தட்டில் பாதி அகலம்தான் சின்னக் குழந்தையின் முகம். மிச்சம் இருபுறமும் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் வரும் காரை மறைக்கும். காதுக்கு முன்னாலேயே வெட்டி நிறுத்துங்கள். மூக்கு நுனிக்குக் கீழே ஒன்றும் இல்லாத அரை முகமூடியே குழந்தைகளுக்குச் சரி. மூச்சு தடையின்றி வரும், பேசுவதும் கேட்கும். மூன்று வயதுக்குக் கீழே முகமூடியே வேண்டாம்.

பலூன் மேல் காகிதம் ஒட்டிச் செய்வதில் கெடுப்பது அவசரம். பசைக்கு ஒரு கப் மைதாவை ஒரு கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு கப் நீரில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் கிளறி ஆறவிடுங்கள். ஒரு ஸ்பூன் உப்பு சேர்த்தால் பூஞ்சை பிடிப்பது தாமதப்படும். செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் 2–3 செ.மீ. பட்டைகளாகக் கிழியுங்கள், கிழிந்த ஓரம் மெலிந்து ஒன்றோடொன்று படிந்துகொள்ளும், வெட்டிய ஓரம் வரப்பாக நிற்கும். பட்டையை நனைத்ததும் மிஞ்சிய பசையை விரலால் வழித்துவிட வேண்டும்.

இரண்டு அடுக்கு ஒட்டி ஒரு நாள் உலரவிட்டு, மேலும் இரண்டு ஒட்டுங்கள். நான்கையும் ஒரே மூச்சில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். சில நாளில் புளித்த வாடை வரும். ஹீட்டர் பக்கத்தில் வைப்பதும் தவறு. சூட்டில் பலூன் உப்பி ஒட்டுகளைப் பிளக்கும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக் காகிதத்தையும் உள்ளே இழுத்துக் குழிவிழச் செய்யும். ஜன்னல் திறந்த அறையில் மின்விசிறிக் காற்று போதும். ஹாலோவீனுக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிட்டால் அவசரமே இல்லை.

உட்புறத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். குளிரில் மூச்சின் ஈரம் படிந்து காகிதம் ஊறி, நெற்றியில் ஒட்டும். உள்ளே கடையில் விற்கும் வெள்ளைப் பசையை (மைதாப் பசையை அல்ல) ஒருமுறை பூசி நன்றாக உலரவிடுங்கள். நெற்றியிலும் இரு கன்னத்திலும் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டினால் காற்றோட்டத்துக்கு இடைவெளி கிடைக்கும். கண்ணாடி அணியும் குழந்தைக்கு அதைப் போட்டபடியே அளவு பாருங்கள்.

கட்டுவதற்கு மெல்லிய ரப்பர் நூல் வேண்டாம். அது காதை அறுக்கும், வழுக்கிக் கழுத்துக்கும் இறங்கும். 6 மி.மீ. பட்டை எலாஸ்டிக் எடுங்கள். கண்மட்டத்தில், ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, டேப் ஒட்டிப் பலப்படுத்திய இடத்தில் துளையிடுங்கள். ஸ்டேப்ளர் அடித்தே ஆக வேண்டுமானால் பின்னின் கூர்முனைகள் வெளிப்பக்கம் மடியட்டும், மேலே டேப் ஒட்டுங்கள்.

ஜிகினாத் தூளைக் கண் துளை அருகே தூவவே கூடாது; உதிர்ந்து கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடும். பஞ்சுத் தாடி, தொங்கும் வலைத்துணி, இறகு இவை சட்டென்று தீப்பிடிப்பவை. வாசல்தோறும் பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரியும் இரவு அது. குழந்தை குனிந்தால் தொங்குகிற எதையும் ஒட்டாதீர்கள்.

இரண்டு நாள் முன்பே முகமூடியை மாட்டிவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் வீட்டு மாடிப்படியில் கூடவே இருந்து ஏறி இறங்க வையுங்கள். தலையை அண்ணாந்தோ சாய்த்தோ வழி தேடினால் துளையை இன்னும் பெரிதாக்குங்கள். அப்போதும் தடுமாறினால் முகத்துக்கான வண்ணமே நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதில் நச்சற்ற முக வண்ணத்தையே பரிந்துரைக்கிறது. கைவேலைக்கான அக்ரிலிக் பெயின்ட் தோலுக்கு ஆகாது. தோலுக்கென்று விற்பதை வாங்கி, முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவிப் பாருங்கள்.