வலைப்பூவை மற்றவர் கையில் கொடுத்துச் சரிசெய்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

நம் வலைப்பூவை நாமே தினமும் பார்ப்பதால் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று நமக்கு மனப்பாடம், ஆனால் முதல் தடவை வருகிறவருக்கு எதுவும் தெரியாது. அதனால் புதுத் தீம் (வலைப்பூவின் தோற்ற அமைப்பு) தேடக் கிளம்புவதற்கு முன்னால் சில பேர் கையில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கூகுளின் இலவச வலைப்பூ சேவையான பிளாக்கரை வைத்துச் சொல்கிறேன், வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் பேக்கப்

'தீம்' பக்கத்தில் 'தனிப்பயனாக்கு' பொத்தானை ஒட்டி ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி பேக்கப், அதாவது இப்போதைய தீமின் ஒரு நகல், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எதைக் கலைத்தாலும் பழையபடி மீட்டுவிடலாம்.

2. யாரிடம் கொடுப்பது?

கூட்டம் சேர்க்க வேண்டாம். இணையதளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கணக்குப்படி, 5 பேரை வைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். 15 பேர் கிடைத்தாலும் எல்லாரிடமும் ஒரேயடியாகக் காட்டாமல், 5 பேரிடம் காட்டி, திருத்தி, அடுத்த 5 பேரிடம் போவதுதான் நல்லது என்றும் சொன்னார். ஆனால் அந்த ஐந்து பேரும் ஓஎம்ஆர் ஆபீஸ் கேன்டீனில் உங்களோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் பிரயோஜனமில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர், காலேஜ் படிக்கும் ஒரு தம்பி அல்லது தங்கை, தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போனைப் பார்த்தபடியே போகிற ஒரு நண்பர், உங்களை அதிகம் தெரியாத ஒருவர் என்று கலந்து பிடியுங்கள்.

3. என்ன கேட்பது?

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்றுதான் பதில் வரும், நம் மனசு நோகக் கூடாது என்கிற அன்பு அது. அதனால் ஒரு வேலை கொடுங்கள். சமையல் எழுதுகிறவர் என்றால், "அத்தை, இதுல வத்தக்குழம்பு எங்க இருக்குன்னு கொஞ்சம் தேடிப் பாருங்களேன்" என்று அவருடைய போனிலேயே திறந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். வழி சொல்லிவிட வாய் துடிக்கும், சொல்லிவிட்டால் சோதனை அதோடு முடிந்தது.

மாம்பலத்தில் என் அத்தை இப்படிப் பார்த்தபோது போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார், இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கினார், வரியின் கடைசி திரைக்கு வெளியே போனதும் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படித்தார். மேல் மூலையில் இருந்த மூன்று கோடுகள்தான் மெனு என்று அவருக்குத் தோன்றவே இல்லை, கட்டைவிரல் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனது. கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த விரல் சொன்னதைத்தான் நான் குறித்துக்கொண்டேன்.

4. எதை எடுத்துக்கொள்வது?

"சிவப்பு வேண்டாம், நீலம் போடு" என்று யாராவது சொன்னால் உடனே மாற்றாதீர்கள், "எந்த இடத்துல படிக்கக் கஷ்டமா இருந்துச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுமாறினால் அதைக் கண்டிப்பாகத் திருத்துங்கள். ஒருவருடைய ரசனை மட்டும் என்றால் கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம்.

5. திருத்துவது

தமிழ் வலைப்பூக்களில் பெரும்பாலான தொல்லை எழுத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் பல தீம்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் எழுத்தில் 'கீ' மேலே சுழிக்கும், 'பூ' கீழே இறங்கும், அதனால் வரிகள் நெருக்கமாக இருந்தால் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7 (எழுத்தளவைப் போல 1.7 மடங்கு) என்று வைத்துப் பாருங்கள், பக்கமே மூச்சுவிடுவது தெரியும். இரண்டு ஓரத்தையும் சமன்செய்யும் ஜஸ்டிஃபை வேண்டாம்: 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு' மாதிரி ஒரு சொல் வந்தால் போன் திரையில் பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும், மிச்சச் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

அடுத்து நிறம். எல்லாரும் படிக்கும்படி பக்கம் அமைக்கச் சொல்லும் இணைய அணுகல் வழிகாட்டி (WCAG) சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. வெள்ளையில் #999999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் 3:1-ஐக்கூடத் தொடாது, #333333 என்ற அடர் சாம்பல் தாராளமாகத் தாண்டிவிடும். சந்தேகமாக இருந்தால் மத்தியான வெயிலில் மெரினா பக்கம் நின்று உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், ஏதாவது ஒன்று போதும்.

கடிகாரம், நாட்காட்டி, வருகையாளர் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தேடல் பெட்டி மட்டும் மேலே, கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும்.

6. மறுபடி காட்டுவது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள், இல்லையென்றால் எது உதவியது என்று தெரியாது. இந்தத் தடவை புது ஆட்களிடம் கொடுங்கள், முன்பு பார்த்தவர்களுக்கு வழி பழகிப் போயிருக்கும். அவர்களுக்கு, எதைத் திருத்தினீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். தான் தடுமாறிய இடம் சரியாகிவிட்டது என்று தெரிந்தால் அடுத்த முறை "நல்லா இருக்குப்பா" என்பதோடு நிறுத்தாமல் மனம்விட்டுச் சொல்வார்கள்.