காவடிக்கு முன் மண்டபம் முடியுமா? திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் கோயில் மண்டபத்தைப் பெரிதாக்க நினைக்கும் கமிட்டி, சித்திரா பௌர்ணமிக் காவடியை வைத்துப் பின்னோக்கி நாள் எண்ணும். அது சரிதான், காவடி நமக்காகத் தள்ளிப்போகாது. கோளாறு எக்செல்லில் வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் தேதி இருக்கும், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்பது இருக்காது. கூரைத் தகடு வரத் தாமதமானால் சீலிங், வயரிங், பெயின்ட் என்று எல்லாத் தேதியையும் ஒருவர் கையால் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டால் போதும், ஈரச் சுவருக்கு முன்னால் பெயின்டர் வந்து நிற்பார்.

இதற்குப் பயந்து சிலர் எல்லா வேலைகளையும் ஒரே சங்கிலியாகக் கோர்த்துவிடுகிறார்கள். சமையலறை டைல்ஸுக்கும் வெளிச்சுவர்ப் பூச்சுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் ஒரே கொத்தனார், அவ்வளவுதான். இன்னொருவரைக் கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அஸ்திவாரமும் சுவரும் அப்படியல்ல, அந்த வரிசையை எந்தக் காசும் மாற்றாது. இந்த இரண்டு வகையையும் திட்டத்தில் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

அதிகம் சறுக்குவது காத்திருப்பு நாட்களில்தான். கான்கிரீட் போட்ட அன்றே 'முடிந்தது' என்று டிக் அடித்துவிடுவார்கள். அதன் வலிமையை வழக்கமாக 28ஆம் நாளில்தான் சோதிப்பார்கள். முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்று எஞ்சினியர் சொல்ல வேண்டும். இந்த இடைவெளியைக் காலண்டர் நாளாகப் போடுங்கள். மென்பொருள் அதை வேலை நாளாக எடுத்துக்கொண்டால் நான்கு வாரம் ஐந்தரை வாரத்தைத் தாண்டிவிடும். கான்கிரீட்டுக்கு ஏது சனி ஞாயிறு? இங்கே டிசம்பர் நடுவில் தொடங்கும் பில்டர்ஸ் ஹாலிடேயில் ஜனவரி வரை ஆள் கிடைப்பது கஷ்டம். அதற்குச் சற்று முன் ஸ்லாப் போட்டுவிட்டால், சைட் மூடியிருக்கும் நாட்களிலேயே அது இறுகிவிடும். முதல் வாரம் தண்ணீர் விட மட்டும் கோயில் பக்கத்தில் யாரையாவது பிடித்து வையுங்கள்.

அப்புறம் நகராட்சியின் பிளான் அனுமதி. 'அது வந்துவிடும்' என்று திட்டத்தில் எழுதாமலே விடுகிறார்கள். 1977ஆம் ஆண்டின் கட்டட ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாள், அதற்கு மேல் 60 நாள் அவகாசம் உண்டு. திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அதற்கும் நாள் வேண்டும். அனுமதியைத் தனி வேலையாக எழுதி, அதிலிருந்து அஸ்திவாரத்துக்கு ஒரு கோடு இழுங்கள். தாமதமானால் எதெல்லாம் நகரும் என்று அன்றே தெரிந்துவிடும். கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுப்பதா என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம்.