சிஏஹெச் சந்தேகம்னு வர்ற பிள்ளைங்களுக்கு ரத்தம் எடுக்கையில பண்ற தப்புகள்

போன வாரம் புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு 17 ஓஹெச்பி டெஸ்ட்டுக்கு (சிஏஹெச் இருக்கான்னு பாக்க அளக்குற ஹார்மோன்) ரத்தம் எடுத்துட்டு வந்து ட்யூப நீட்டுச்சு. பிள்ளைக்கு என்ன மருந்து ஓடுதுன்னு கேட்டேன். "ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லக்கா"ன்னு சொல்லுச்சு. காரைக்குடியில நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதே பதிலத்தான் நானும் சொல்லியிருக்கேன், அதான் எழுத உக்காந்துட்டேன். பேரு மாத்தி ஒட்டுறது, ட்யூப குலுக்குறது இதெல்லாம் எழுதப் போறதில்ல, அதுகூட தெரியாதவங்க ஊசியத் தொடாம இருக்கலாம்.

ஸ்டீராய்டு உள்ள போனப்புறம் ரத்தம் எடுக்குறது

சிஏஹெச்ங்கிறது பிறவியிலேயே வர்ற அட்ரினல் கோளாறு, அட்ரினல்ங்கிறது கிட்னிக்கு மேல இருக்க சுரப்பி. பத்துல ஒன்பது பேருக்கு மேல 21-ஹைட்ராக்ஸிலேஸ்ங்கிற என்சைம் குறைஞ்சுதான் வருது. நம்ம ஊரு கண்மாய நினைச்சுக்கங்க. மடை அடைச்சுக்கிச்சு, வயலுக்குப் போக வேண்டிய தண்ணி போகல, அந்தத் தண்ணிதான் கார்ட்டிசால், ஒடம்பு தானா சுரக்குற ஸ்டீராய்டு. வயலு காயுதேன்னு மூளைக்குக் கீழ இருக்க பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஹெச்ங்கிற ஹார்மோன அனுப்பி வரத்த இன்னும் கூட்டுது, தண்ணி தேங்கித் தேங்கி கலுங்கு வழியா வழியுது. தேங்குறது 17 ஓஹெச்பி, வழியுறது ஆண் ஹார்மோன். இப்ப வெளியில இருந்து ஸ்டீராய்டு குடுத்தா வயலு நனைஞ்சிருச்சுன்னு பிட்யூட்டரி வரத்தையே நிறுத்திடும், கண்மாய் வத்திரும், மடை அடைச்சுத்தான் கெடக்கும் ஆனா யாரு கண்ணுக்கும் தெரியாது. அந்த நேரம் பாத்து நாம போய் அளந்துட்டு நார்மல்னு ரிப்போர்ட் அடிக்கிறோம்.

நான் அடிச்சிருக்கேன். நாலு வயசுப் பையன், பாத்தா ஏழு வயசு ஒசரம், கீழ முடி வேற வந்திருச்சு, குரலும் கட்டையா. ஐயா மாதிரி வளத்தின்னு வீட்ல எல்லாருக்கும் பெருமைதான். எழுதியிருந்த டெஸ்ட்டு, காலை நேரம், எல்லாமே சரி, ரிசல்ட்டும் ரெண்டு நானோகிராமுக்குக் கீழ வந்துச்சு, நானும் நிம்மதியா அனுப்பிட்டேன். ஆறேழு மாசம் கழிச்சு வேற டாக்டர் எழுதி அதே பையன் மறுபடி வந்தான். கூட வந்த ஆச்சி தண்ணி பாட்டில் எடுக்க வயர்கூடையில கைய விட்டப்ப ஒரு சொட்டு மருந்து பாட்டிலும் சேந்து வந்துச்சு. என்ன ஆச்சி இதுன்னேன். "சளி மருந்துத்தா, இழுப்பு வந்தா குடுப்போம், போன தடவைகூட ஒரு வாரமா குடுத்துட்டுத்தான் கூட்டியாந்தோம்." வாங்கிப் படிச்சா பீட்டாமெத்தசோன், அதுவும் ஸ்டீராய்டுதான். எனக்குக் கை வேர்த்துருச்சு. இந்தத் தடவை மருந்து குடுத்து ரொம்ப நாளாகியிருந்துச்சு, ரிசல்ட் நூறத் தாண்டிருச்சு. அதுக்குள்ள எலும்பு வயசு ஓடிப்போச்சு, மணிக்கட்டு எக்ஸ்ரேவுல பத்து வயசுப் பையன் எலும்பு. இப்ப வளத்தியா தெரியுற பிள்ளைக்கு எலும்பு நுனி சீக்கிரம் மூடிக்கிட்டா பெரியவனாகையில குட்டையாத்தான் நிப்பான்.

அதனால "மருந்து ஏதும் குடுக்குறீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க, இல்லைன்னுதான் சொல்வாங்க, சளி மருந்த யாரும் மருந்துன்னே நினைக்கிறதில்ல. பாட்டில எடுத்துக் காட்டச் சொல்லுங்க. இழுப்புக்கு பஃப் இருக்கா, இடுக்குப் புண்ணுக்கு க்ரீம் தடவுறீங்களா, குறைமாசப் பிள்ளைன்னா பிரசவத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு நுரையீரல் ஊசி போட்டாங்களான்னு ஒண்ணொண்ணா கேளுங்க. இருந்துச்சுன்னா ரெக்வெஸ்ட்லயே எழுதி டாக்டருக்கு ஃபோன் போடுங்க. நிறுத்திட்டு வாங்கன்னு மட்டும் நீங்களா சொல்லிறாதீங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு ஓடுற பிள்ளைக்கு திடீர்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்து.

ரிப்போர்ட் வரட்டும்னு ஊசிய நிறுத்தி வைக்கிறது

மேல சொன்னதப் படிச்சுட்டு நேரா இந்தப் பக்கம் குதிக்கிறவங்களும் இருக்காங்க. ரெண்டு மூணு வாரக் குழந்தை, வாந்தி, எடை ஏறல, சோடியம் கீழ, பொட்டாசியம் மேல, இது சிஏஹெச்லயே ஒடம்புல இருந்து உப்பு வடியுற வகையா இருக்கலாம். பொம்பளப் பிள்ளைன்னா உறுப்பப் பாத்தே சந்தேகம் வந்துரும், ஆம்பளப் பிள்ளை வெளியில நார்மலா இருக்கும், அதான் தவறிப்போகுது. முதல்ல ரத்தம், அடுத்த நிமிஷமே ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி. நரம்பு கிடைக்கலன்னா ரத்தத்த விட்டுருங்க, பிள்ளைய விடாதீங்க.

மத்தியானம் எடுக்குறது

மேல சொன்ன அவசரக் கேஸ விட்டா, காலையில 8 மணி. அதுக்கு மேல பேச்சில்ல.

பொறந்த அன்னைக்கே எடுக்குறது

முத நாள் எல்லாப் பிள்ளைக்கும் 17 ஓஹெச்பி ஏறித்தான் இருக்கும். 48 மணி நேரம் தாண்டட்டும். குறைமாசம், ஐசியுவுல இருக்க பிள்ளைன்னா அதுக்கப்புறமும் ஏறியே காட்டும், ஆன்டிபாடிய வச்சு அளக்குற சாதா இம்யூனோஅஸே மெஷினு, அதே மாதிரி இருக்க வேற ஸ்டீராய்டையும் சேத்து எண்ணிரும். ஒவ்வொரு ஸ்டீராய்டையும் எடைய வச்சுப் பிரிச்சு அளக்குற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இருக்க லேபுக்கு அனுப்பி உறுதி பண்றது நல்லது.

யூனிட் பாக்காம ஃபோன்ல நம்பர் சொல்றது

17 ஓஹெச்பி ஒரு மில்லிக்கு 1 நானோகிராம்னா, டெசிலிட்டர் கணக்குல 100 நானோகிராம், லிட்டருக்கு நானோமோல் கணக்குல சுமாரா 3. முழுசா சொல்லுங்க.

ஏசிடிஹெச் ட்யூப பாக்கெட்ல போட்டுட்டு டீக்கு போறது

ரத்தம் உறையாம வைக்கிற ஈடிடிஏ ட்யூப், ஐஸ், உடனே குளுருல சுத்தி பிளாஸ்மாவப் பிரிச்சு உறைய வைக்கணும். மதுரை பஸ்ஸுல ஐஸ் கரைஞ்சு வெந்நீராப் போய்ச் சேந்த டப்பாவ நான் பாத்திருக்கேன்.

"சொந்தத்துல கட்டுனீங்களா?"ன்னு கேக்குறது

"இல்லங்க, கோயில் வேற"ன்னு பதில் வரும், எங்க பக்கம் ஒரே கோயில்காரங்க பங்காளிங்க, அவங்களுக்குள்ள கட்டிக்க மாட்டாங்க. கோயில் வேறதான், ஆனா கட்டுனது அத்தை மகனா இருக்கும். கோயிலு அப்பா வழி, ஜீன் ரெண்டு வழியிலயும் வரும். அதனால அத்தை மகனா, மாமன் மகனான்னு நேராவே கேளுங்க. அசல்ல கட்டுனாலும் வரலாம், அம்மா அப்பா ரெண்டு பேரும் கேரியரா, அதாவது நோய் இல்லாம பழுதான ஜீன் ஒண்ண மட்டும் வச்சிருக்கவங்களா, இருந்தா போதும். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒண்ணு வாய்ப்பு. முத பிள்ளைக்கு வந்துருச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராதுங்கிற கணக்கு இதுல கிடையாது.